ஸ்பேனர் பெட்டி பக்தவச்சலம்

“வண்டில ஒண்ணும் இல்ல சார்” என்று துலுக்காணம் மூன்றாவது முறையாகச் சொன்னான்.

பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, அது விர்ரென்று சுற்றி ஓயும்வரை பற்றவைக்காத பீடியை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சூர் ரோட்டில், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷமாகச் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவன் அவன்.

“நல்லாப் பாருப்பா. இந்தச் சைக்கிளாலதான் என் ஒய்ஃப் தினம் வேலைக்கு லேட்டாப் போறா. எங்கயோ கோளாறு இருக்கு” என்றார் பக்தவச்சலம்.

“இன்னா கோளாறு? காத்து கரெக்டா கீது. செயின் டைட்டா கீது. பிரேக் நச்சுனு புடிக்குது. இதுல போயி லேட்டுன்னா கோளாறு வண்டில இல்ல சார், ஓட்றவங்க கையிலதான் கீது.”

இந்தக் கடைசி வார்த்தையைத் துலுக்காணம் சொல்லாமல் இருந்திருக்கலாம். பக்தவச்சலத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

“அவ ஓட்டறதைக் குறை சொல்றியா நீ? கல்யாணத்துக்கு முன்னாடியே சைக்கிள் ஓட்டினவ! உனக்கு ரிப்பேர் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. சாமான் வாங்கி வெச்சு நானே வீட்ல பார்த்துக்கறேன்.”

“பாத்துக்க சார். எனக்கு ஒரு வேல மிச்சம்” என்று துலுக்காணம் பீடியைப் பற்றவைத்தான்.

மனுஷனுக்கு ரோஷம் வரலாம். தப்பில்லை. ஆனால் வருகிற ரோஷம் ஸ்பேனர் வாங்குகிற திசையில் போகக் கூடாது. பக்தவச்சலத்துக்கு அன்று அந்தத் திசையில்தான் போயிற்று.

பக்தவச்சலத்துக்கு வயது முப்பத்தைந்து. பாரிஸ் கார்னரில் ஒரு காகித மொத்த வியாபாரியிடம் குமாஸ்தா. காலை ஏழு ஐந்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் தாம்பரத்தில் உட்கார இடமுள்ள மின்சார ரயில் கிடைக்கும் என்பது அவருடைய கொள்கை. நாலு வருஷத்துக்கு முன் மஹாலட்சுமியைப் பெண் பார்க்கப் போனபோது, கேசரி வருவதற்குள் அவளுடைய தாய்மாமன் ஒரு பட்டியல் போட்டார். “பொண்ணு டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். தையல் தெரியும். கோலம் தெரியும். சைக்கிள் ஓட்டுவா.” மஹாலட்சுமி தலையை நிமிர்த்தவே இல்லை. பக்தவச்சலம் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். அவர் குடும்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் சைக்கிளில் ஏறியதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீட்டிலெல்லாம், “பொண்ணு சைக்கிள் ஓட்டும்” என்பதைத்தான் முதலில் சொன்னார்.

இப்போது மஹாலட்சுமிக்கு வேலை கிடைத்திருந்தது. சானடோரியம் பக்கத்தில், வெளிநாட்டுக்குத் தோல் கையுறை தைத்து அனுப்பும் கம்பெனி. ஜூன் மாசம் சேர்ந்தாள். மூன்று மாசம் டிரெயினிங். அதற்குப் பிறகு பர்மனென்ட். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “இன்னிக்கு நான் தைச்ச கட்டைவிரலை சூப்பர்வைசர் எல்லாருக்கும் காட்டினாருங்க” என்று அவள் சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், நாலு வருஷத்தில் பக்தவச்சலம் அதைப் பார்த்ததே இல்லை. அவருக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் போய் ஜூலை மாசம் ஒரு நீல நிற லேடீஸ் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

“எதுக்குங்க இது? பஸ்தான் இருக்கே” என்றாள் மஹாலட்சுமி.

“சைக்கிள் தெரிஞ்சவளுக்குப் பஸ் எதுக்கு? ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. புது வண்டி. ஸ்டேஷன் ஸ்டாண்டுலயோ வேற எங்கயோ விட்டுட்டுப் போயிடாதே. கம்பெனி ஷெட்டுலதான் நிறுத்தணும்.”

வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. “ஏறும்மா, ஒரு ரவுண்டு போ” என்றார்கள். “இத்தனை பேர் பார்க்க எனக்கு வெக்கமா இருக்கு, நீங்களே ஏறுங்க” என்று மஹாலட்சுமி அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். பக்தவச்சலம் உருகிப்போய், தானே ஏறி எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்.

அதற்கப்புறம்தான் பிரச்சினை ஆரம்பித்தது. கம்பெனியில் எட்டரைக்குச் சங்கு. அதற்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் கார்டில் சிவப்பு மையால் ஒரு கோடு. டிரெயினிங் முடிவதற்குள் பத்து கோடு விழுந்தால் பர்மனென்ட் கிடையாது, வீட்டுக்குப் போகலாம். மஹாலட்சுமியின் கார்டில் ஆகஸ்டு பிறக்கும்போதே ஆறு கோடு.

“ஏன் மஹா லேட்டாகுது?” என்று கேட்டார்.

“சைக்கிளாலதாங்க” என்றாள்.

“அதுல என்ன பண்ணுது?”

மஹாலட்சுமி கொஞ்ச நேரம் யோசித்து, “ஒரு மாதிரி கடகடன்னுதுங்க” என்றாள்.

இந்தக் கடகடவைத்தான் துலுக்காணம் இல்லை என்று சாதித்தான்.

அன்று சாயங்காலமே பக்தவச்சலம் மார்க்கெட் தெருவில் அமீருதீன் பாயின் ஹார்டுவேர் கடையில் போய் நின்றார்.

“பாய், சைக்கிள் ரிப்பேர் சாமான் வேணும். வீட்லயே வெச்சுக்கற மாதிரி ஒரு செட்டு.”

அமீருதீன் பாய் நியாயமான வியாபாரி. மேஜைமேல் வரிசையாக எடுத்து வைத்தார். இரண்டு முனையும் உருண்டையாக, உருண்டையில் பல அளவு ஓட்டை போட்ட சைக்கிள் ஸ்பேனர் ஒன்று. ஒரு ஸ்க்ரூ டிரைவர். டயரை நெம்பி எடுக்க இரண்டு லீவர். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், உப்புத்தாள். ஒரு எண்ணெய் கேன். ஒரு கைப்பம்பு.

“வீட்டுக்கு இது போதும் சார். இதுக்கு மேல எது வாங்கினாலும் அது வண்டிக்கு இல்ல, மனசுக்கு” என்றார்.

பக்தவச்சலம் கடைச்சுவரைப் பார்த்தார். அங்கே ஆணியில் சின்னதிலிருந்து பெரியதுவரை ஒரு டஜன் ஸ்பேனர்கள் ஏறுவரிசையில் தொங்கின. அதற்குப் பக்கத்தில் ரிங் ஸ்பேனர்கள். அதற்கும் பக்கத்தில் என்னவென்றே தெரியாத, வளைந்த, பளபளப்பான ஒன்று.

“அது என்ன பாய்?”

“அது லாரிக்கு சார்.”

“நல்லாத்தான் இருக்கு” என்று பக்தவச்சலம் பெருமூச்சு விட்டார். அன்றைக்கு அதை வாங்கவில்லை. அடுத்த வாரம் வாங்கினார்.

முதல் ரிப்பேர் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சத்தம் வந்தால் எண்ணெய் விட வேண்டும், இது குழந்தைக்குக்கூடத் தெரியும். செயினுக்கு விட்டார். பெடலுக்கு விட்டார். கேனில் இன்னும் இருந்தது. சக்கரத்தின் விளிம்புக்கும், விளிம்பைப் பிடிக்கிற பிரேக் கட்டைக்கும், பெல்லுக்கும், கேரியருக்கும் விட்டார். வண்டி தீபாவளிக்குக் குளிக்கப்போகிற பிள்ளை மாதிரி மினுமினுத்தது.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரேன் மஹா.”

“நைட்டியில எப்படிங்க ஓட்றது? நீங்க பாருங்க.”

அவர் பார்த்தார். பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டி மண்ணை மலையாகக் குவித்திருந்தார்கள். மலைக்குப் பத்தடி முன்னால் பிரேக்கைப் பிடித்தார். எண்ணெய் பார்த்த பிரேக், பிடிக்கவில்லை. எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியார் பேப்பரை மடித்துவிட்டு, “அடி ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டபோது பக்தவச்சலம் மலையின் அந்தப் பக்கம் இருந்தார்.

திங்கட்கிழமை காலையில் செயினிலிருந்து எண்ணெய் சொட்டி மஹாலட்சுமியின் சுடிதார் முழங்கால்வரை நாசமாயிற்று. பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்து துணி மாற்றிக்கொண்டு போனாள். ஏழாவது கோடு.

“பிரேக்தான் முக்கியம். பிரேக்கைச் சரி பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்” என்றார் பக்தவச்சலம். கட்டிங் பிளேயர் வாங்கினார். பெரிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, சின்னது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று வாங்கினார். பிரேக்கை எவ்வளவு இறுக்கலாம் என்று புத்தகம் எதிலும் போடவில்லை. அதனால் முடிந்தவரை இறுக்கினார்.

“இப்ப எப்படி இருக்கு?” என்று செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டார்.

“நகரவே மாட்டேங்குதுங்க. கை ரெண்டும் கழண்டு போச்சு” என்றாள் மஹாலட்சுமி. எட்டாவது கோடு.

“கை ஏன் கழலணும்? கால்தானே வலிக்கணும்?”

“காலும்தாங்க” என்று அவள் அவருக்கு ரசம் ஊற்றினாள்.

பக்தவச்சலத்துக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்கு அழுகையே வந்தது. அதே சமயம், துலுக்காணம் தார்ப்பாய்க்குக் கீழிருந்து, “இன்னா சார், ரிப்பேர் முட்சுட்டியா?” என்று தினமும் கேட்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அழுகையும் முள்ளும் சேர்ந்து அவரைத் திரும்பவும் அமீருதீன் பாய் கடைக்குத் துரத்தின.

“பாய், சக்கரம் லேசாக் கோட்டமா இருக்கோன்னு சந்தேகம். கம்பியை டைட் பண்ற கீ இருக்குமே?”

“இருக்கு சார். ஆனா அது கைப்பழக்கம். ஒரு கம்பியை இழுத்தா இன்னொரு கம்பி கோச்சுக்கும். விட்ருங்களேன்.”

“நீங்க குடுங்க பாய்.”

கம்பி கோபித்துக்கொண்டது. ஒன்றைச் சமாதானப்படுத்த எதிர்க்கம்பியை இறுக்கினார். அது அதற்கு அடுத்ததைக் கிளப்பிவிட்டது. முன்சக்கரம் முதலில் அப்பளம் போலவும், அப்புறம் எண்ணெயில் போட்ட அப்பளம் போலவும் ஆயிற்று. அந்தச் சக்கரத்தோடு மஹாலட்சுமி வியாழக்கிழமை கம்பெனிக்குப் போனாள். போனவள் ஒன்பதே காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். ஒன்பதாவது கோடு. சூப்பர்வைசர் கூப்பிட்டு, “ஏம்மா, நல்லாத் தைக்கிற. இன்னும் ஒரு கோடு விழுந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல. பார்த்து நடந்துக்கோ” என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மஹாலட்சுமி அடுப்படியில் நின்றுகொண்டு தெளிவாகச் சொன்னாள். “என்னங்க, கையெடுத்துக் கும்பிடறேன். நான் பஸ்லயே போயிடறேன். இந்தச் சைக்கிளை வித்துடுங்க.”

“விக்கறதா! தோத்துட்டோம்னு அந்தத் துலுக்காணம் சிரிப்பான். இவ்வளவு சாமான் வாங்கி வெச்சிருக்கேன், இனிமேதான் மஹா வேலையே இருக்கு. வண்டியை மொத்தமாப் பிரிச்சு, மொத்தமாச் சேர்க்கப் போறேன்.”

“பிரிக்கறீங்களா?” என்றாள் மஹாலட்சுமி. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “நிதானமாப் பிரிங்க. ஒண்ணும் அவசரம் இல்ல.”

என்ன பெண் என்று பக்தவச்சலம் நெகிழ்ந்து போனார். புருஷன்மேல் எவ்வளவு நம்பிக்கை!

சாமான்கள் முதலில் ஒரு சோப்பு டப்பாவில் இருந்தன. அப்புறம் பிஸ்கட் டின்னுக்கு மாறின. இப்போது கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டி வெளியே வந்தது. அதிலிருந்த அவருடைய பத்தாம் வகுப்புச் சர்டிபிகேட்டும் கல்யாண ஆல்பமும் பரணுக்குப் போயின. பெட்டிக்குள் ஸ்பேனர்கள் அளவுவாரியாகப் படுத்துக்கொண்டன. சுத்தியல் இரண்டு, அரம் ஒன்று, லாரிக்கான அந்த வளைந்த பளபளப்பும் உண்டு. ராத்திரி படுக்கப் போகுமுன் மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

பிரித்தார். பிரிப்பது என்பது உலகத்திலேயே சுலபமான காரியம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கூடம் முழுக்கச் சைக்கிளாக இருந்தது. பின்சக்கரத்தின் நடுவைத் திறந்தபோது மட்டும், உள்ளே இருந்த பேரிங் குண்டுகள் பொலபொலவென்று கொட்டி, தரையில் உருண்டு, அவரவர்க்குப் பிடித்த இடத்துக்குப் போய்விட்டன. கேஸ் சிலிண்டருக்கடியில் நாலு கிடைத்தது. பீரோவுக்குப் பின்னால் மூன்று. ஒன்று துவரம்பருப்பில் இருந்ததை மஹாலட்சுமி புடைக்கும்போது கண்டுபிடித்தாள். இன்னொன்றைப் பக்தவச்சலம் பல்லால் கண்டுபிடித்தார்.

சேர்ப்பதுதான் வரவில்லை. முதல் தடவை சேர்த்தபோது ஏழு உருப்படி மிச்சம். இரண்டாம் தடவை சேர்த்தபோது மூன்று உருப்படி போதவில்லை. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் பெடலை முன்னால் மிதித்தால் வண்டி அசையாமல் நின்று யோசித்தது.

இப்படியே பன்னிரண்டு நாள் போயிற்று. மஹாலட்சுமி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் கார்டில் ஒரு கோடுகூட விழவில்லை. ஆனால் அது பஸ் விஷயம், சைக்கிளோடு சம்பந்தப்பட்டதல்ல என்று பக்தவச்சலம் அதை யோசிக்கவே இல்லை.

டிரெயினிங்கின் கடைசி நாள் சனிக்கிழமை. அன்று எட்டரைக்குள் உள்ளே போய்விட்டால் திங்கட்கிழமை பர்மனென்ட் ஆர்டர். வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து வந்தவர் காலண்டரைப் பார்த்ததும் திக்கென்றது. சனிக்கிழமை முகூர்த்த நாள். தாம்பரம் பக்கம் முகூர்த்த நாளன்று காலையில் பஸ்ஸில் ஏறுவதென்றால், அட்சதையும் சீர்த்தட்டுமாக ஒரு கல்யாணக் கூட்டத்தையே தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். பஸ் நிற்காமலே போனாலும் போகும்.

பஸ்ஸை நம்ப முடியாது. சைக்கிளோ கூடத்தில் பதினாறு இடத்தில் இருந்தது. இனி ரோஷம் பார்த்தால் அவள் வேலை போய்விடும்.

பக்தவச்சலம் ஒரு ஆட்டோ பிடித்தார். சைக்கிளின் உடம்பை மேலே கட்டி, மிச்சத்தைக் கோணிச்சாக்கில் போட்டு, தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, துலுக்காணம் முன்னால் போய் இறங்கினார்.

துலுக்காணம் சாக்குக்குள் எட்டிப் பார்த்தான்.

“இன்னா சார், காயலான் கடைக்குப் போற வழியா?”

“துலுக்காணம், நீ என்ன வேணாலும் சொல்லிக்கோ. நான் கேட்டுக்கறேன். நாளைக்குக் காலையில இது ஓடணும்பா. ஓடலைன்னா அவ வேலை போயிடும். முதல் முதலா அவளாத் தேடிக்கிட்ட வேலை.”

துலுக்காணம் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். சிரிக்கவில்லை. “குந்து சார்” என்று பழைய டயர் ஒன்றைத் தள்ளிப் போட்டான். அப்புறம் தகரப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, பீடியை வாயிலிருந்து எடுத்தான். “யப்பா! இவ்ளோ சாமான் என் கைலயே இல்லியே சார்.”

“எது வேணுமோ எடுத்துக்கோப்பா. எல்லாம் புதுசு.”

துலுக்காணம் மூடியைச் சாத்தி, பெட்டியைக் கவனமாக இழுத்து, அதன்மேல் உட்கார்ந்தான். “உசரம் கரெக்டா கீது” என்றான். பிறகு தன்னுடைய ஒரே ஒரு தேய்ந்த ஸ்பேனரையும் அரைச்செங்கல்லையும் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் வண்டியை எழுப்பி நிறுத்தினான். சக்கரம் நேராயிற்று. பிரேக் பிடிக்க வேண்டியபோது பிடித்தது. பக்தவச்சலம் ஏறி ஒரு ரவுண்டு வந்தார். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று.

சனிக்கிழமை காலையில் வாசலில் வண்டியைப் பார்த்த மஹாலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள்.

“சரியாயிடுச்சா?” என்றாள். குரலில் உயிரே இல்லை.

“பறக்கும்! நீயே பாரேன்.”

“என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பஸ்ல...”

“முகூர்த்தம் மஹா! சொன்னாக் கேளு. நான் பாதி நாள் லீவு போட்டிருக்கேன். நீ முன்னாடி போ. சாமானோட பஸ்ல வந்து கம்பெனி வாசல்ல நிக்கறேன். எதுவானாலும் அங்கயே பார்த்துடலாம்.”

அவள் ஏழு மணிக்கே தயாராகிவிட்டாள். அவர்தான் விடவில்லை. எல்லா நட்டையும் கடைசியாக ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று இருபது நிமிஷம் பிடித்துவைத்தார். ஏழு இருபதுக்கு அவள் சாமியைக் கும்பிட்டுவிட்டு, தோண்டிப் போட்ட தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறக்குறைய ஓடினாள்.

பிறகு பக்தவச்சலம் பெட்டிமுன் உட்கார்ந்து, எதை எடுப்பது எதை விடுவது என்று தவித்தார். எல்லாமே அவசியமாகத் தெரிந்தது. கடைசியில் பதினோரு சாமானை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு நடுவே பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கினார். ஒரு பிரேக்குக்கு ஒரு தடவை பை மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரின் முழங்காலில் இடித்தது. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

எட்டு பத்துக்குக் கம்பெனி வாசலில் இறங்கினார். கேட்டில் காக்கிப் புடவையும் விசிலுமாகக் காவல்காரம்மா தபீதாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் கும்பல் கும்பலாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மஹாலட்சுமியைக் காணோம்.

எட்டு இருபது. காணோம். எட்டு இருபத்தைந்து. பக்தவச்சலம் கட்டைப்பையைக் கை மாற்றிக்கொண்டு ரோட்டுக்கே வந்து நின்றார். எட்டு இருபத்தேழுக்கு ஜி.எஸ்.டி. ரோடு திருப்பத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. மஹாலட்சுமிதான்! தலை கலைந்து, துப்பட்டா இடுப்பில் கட்டி, வியர்வை வழிய, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

‘கெட்டுப் போச்சா! படுபாவி துலுக்காணம்!’ பக்தவச்சலம் கட்டைப்பையோடு எதிரே ஓடினார். ஓடிப்போய் ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“என்ன ஆச்சு? செயினா? நில்லு, ரெண்டே நிமிஷம், சரி பண்ணிடறேன்!”

“விடுங்க!”

“எந்தப் பக்கம் சத்தம் வந்துது, அதைச் சொல்லு முதல்ல!”

“ஐயோ, நீங்களே வெச்சுக்கங்க!” என்று மஹாலட்சுமி வண்டியை மொத்தமாக அவர்மேல் சாய்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். அப்படி ஒரு ஓட்டத்தை அந்த ரோடு பார்த்திருக்காது. தபீதாள் எழுந்து கேட்டில் கை வைத்தாள். சங்கு ஊத ஆரம்பித்தது. சங்கு ஊதி முடிவதற்குள் மஹாலட்சுமியின் வலது கால் உள்ளே, இடது கால் உள்ளே, கார்டு மிஷினில் டக்கென்று சத்தம். கேட் மூடியது.

உள்ளேயிருந்து அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பக்தவச்சலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பிழைத்தது! வேலை பிழைத்தது!

மூச்சு வாங்கி முடிந்ததும், வண்டியைக் கேட்டோரம் தலைகீழாக நிறுத்திச் சோதித்தார். செயின் இருக்கிற இடத்தில் இருந்தது. காற்று இருந்தது. பிரேக் பிடித்தது. ஏறி மிதித்தார். கேட்டுக்கு முன்னால் எட்டுப் போட்டுக் காட்டியது வண்டி. ஒரு கடகடவும் இல்லை. பக்தவச்சலத்துக்குத் தலை சுற்றியது.

“ஏம்மா, வண்டி நல்லாத்தான் ஓடுது. அப்புறம் எதுக்குத் தள்ளிக்கிட்டு வந்தா? வழியில எந்த இடத்துல மக்கர் பண்ணுதுன்னு உங்ககிட்ட எப்பவாச்சும் சொல்லியிருக்காளா?” என்று தபீதாளைக் கேட்டார்.

தபீதாள் அவரையும் சைக்கிளையும் கட்டைப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மக்கரா? நல்லாக் கேட்ட போ சார்! அந்தக்காவுக்கு சைக்கிளு ஓட்டவே தெரியாதே. வாங்குன நாள்லேர்ந்து வூட்லேர்ந்து இங்க வரிக்கும் தள்ளிகினுதான வருது; யாரோ ஒரு புண்ணியவான் வண்டியக் கயட்டிப் போட்டாரே, அந்தப் பன்னெண்டு நாளுதான் பாவம், பஸ்ல டயத்துக்கு வந்துச்சு!”